மேனேஜர் அறைக் கண்ணாடி

"திருட்டுப் பய, அக்கா! வேற என்னன்னு சொல்றது?"

குமாஸ்தா டீ கிளாஸை மேஜையில் டொக்கென்று வைத்தான். ஆபீஸ் நேரம்தான். ஆனால் ஊழலைப் பற்றிப் பேசும்போது நேரம் காலம் பார்க்க முடியுமா?

ஆபீஸுக்குப் பக்கத்து டீக்கடை அக்கா பாலை ஆற்றியபடியே, "யாரைத் தம்பி சொல்றீங்க?" என்றாள்.

"எங்க மேனேஜரைத்தான். ஜன்னல் கண்ணாடியையே அமுக்கிட்டார்!"

எதிர் பெஞ்சில் ஸ்டோர் கீப்பரும் டைப்பிஸ்ட் அம்மாவும் 'ம்' கொட்டினார்கள். இருவருக்கும் அது இரண்டாவது டீ.

விஷயம் இதுதான். போன வருஷம் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெயிண்ட் கம்பெனியில் ஒரு டிரம் வெடித்தது. அந்த அதிர்வில் ஆபீஸ் ஜன்னல்கள் தூள்தூளாகி, பியூனின் கன்னத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. அப்புறம் மேனேஜர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, எல்லா அறைக்கும் லேமினேட்டட் கண்ணாடி வாங்கினார். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய சமாச்சாரம். வெடி அதிர்ந்தால் உடையும். ஆனால் சில்லு பறக்காமல் தாளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"எல்லா ரூமுக்கும் போட்டாச்சு. அவர் ரூம்ல மட்டும் பழைய சாதாக் கண்ணாடி! அப்போ புதுசு எங்க போச்சு?"

"எங்க போச்சு?" என்றார் ஸ்டோர் கீப்பர், பன்னை டீயில் முக்கியபடி.

"போர்வையைச் சுத்தித் தள்ளுவண்டியில ஏத்தினதை இந்தக் கண்ணால பார்த்தேன். சொந்த வீடு கட்டுறார்ல? மாடி ரூமுக்கு அம்சமா இருக்கும்!"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீங்க சும்மா இருங்கக்கா. உங்களுக்கு அந்த ஆளைப் பத்தித் தெரியாது. நாளைக்கே மேலிடத்துக்கு எழுதிப் போடறேன். பேர் போடாமத்தான். நமக்கு எதுக்கு வம்பு?"

சொல்லி வாயை மூடவில்லை.

டமார்!

தரை தூக்கிப் போட்டது. டீ கிளாஸ்கள் உருண்டன. ஸ்டோர் கீப்பர் பன்னோடு மேஜைக்கு அடியில் போனார்.

குமாஸ்தா தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால், பெயிண்ட் கம்பெனியைப் பார்த்திருந்த பெரிய ஜன்னல் வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது. ஆயிரம் விரிசல். சாப்பிட்டு முடித்த தொப்பை மாதிரி உள்பக்கமாக உப்பி, அப்படியே நின்றது. அவன் தோளில் கொஞ்சம் பொடி உதிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

தொட்டுப் பார்த்தான். நடுவில் தாள்.

"அக்கா... இது..."

"உங்க சார் ரூமுக்கு வந்த கண்ணாடிதான் தம்பி. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே! ஜன்னல் சட்டம் வலுவா இல்லேன்னா கண்ணாடி மொத்தமா பேர்த்துக்கிட்டு ஆள் மேல வந்து விழும்னு, பக்கத்துலயே நின்னு அதையும் மாத்த வச்சாரு."

"இதை ஏங்கக்கா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

அதற்குள் வாசலில் மேனேஜர் வந்து நின்றார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. தலைமுடியெல்லாம் கண்ணாடிச் சில்லு. காதோரம் ரத்தம் கோடு போட்டிருந்தது.

"யாருக்காவது அடிபட்டுதாய்யா? டைப்பிஸ்ட் அம்மா எங்க? ஸ்டோர் கீப்பர்?"

"இங்க இருக்கேன் சார்," என்றது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

மேனேஜர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "பெயிண்ட் கம்பெனி பாய்லர்தான் வெடிச்சிருக்கு. சத்தம் மாறினதுமே ஆளுங்க வெளிய ஓடிட்டாங்களாம். உசிருக்கு ஆபத்தில்லை. என் ரூம் கண்ணாடிதான் மொத்தமும் தலைக்கு மேல பறந்துச்சு. நல்லவேளை, ஷூ மாட்டக் குனிஞ்சிருந்தேன்."

அக்கா ஈரத்துணியை அவர் காதில் வைத்து அழுத்தினாள்.

குமாஸ்தா தோளில் இருந்த பொடியைத் தட்டினான். "சார்... உங்க ரூமுக்கு வந்ததை எதுக்கு சார் இங்க கொண்டுவந்து போட்டீங்க?"

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பின்ன என்னய்யா பண்றது? ஆபீஸ்ல போட்டதெல்லாம் வெறும் நாற்காலியைத்தானே காப்பாத்துது! நீங்கல்லாம் இருக்கிற இடத்துக்கும் ஒண்ணு வேணாமா?"