சுத்தமான சாம்பிள்

முலாம் பூசும் அந்தத் தொழிற்சாலையின் மேனேஜருக்கு எல்லாரையும் சந்தேகப்படத் தெரியும். அதிகமாகச் சந்தேகப்பட்டது கெமிஸ்ட் அம்மாவை.

"கறுப்புக் குருணையைத் தொட்டியில கொட்டிட்டு, கழிவுத் தண்ணியில இருந்த குரோமியம் போயிடுச்சுன்னா நான் நம்பணுமாம்மா?"

"பார்க்கத்தான் சார் குருணை. உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத துளை. குரோமியம் அதுல நுழைஞ்சா விஷம் முறிஞ்சு அங்கேயே ஒட்டிக்கும். ரெண்டு மாசமா சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். பன்னிரண்டு வருடமாகக் கழிவு நீரைப் பின்சுவர் ஓரக் குழியில் விட்டே காலம் தள்ளியவர் அவர். மண் குடித்துவிடும், கேள்வி கேட்காது. இப்போது போய் குருணையை நம்பி, தொழிற்சாலைக்குச் சீல் வைக்கவிட அவருக்கு மனமில்லை.

ஆகவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேனேஜரின் பையில் ஒரு பாட்டில் இருந்தது. சாம்பிள் எடுக்கும் அதே ரகப் பாட்டில். உள்ளே துளி கலங்கலில்லாத தண்ணீர்.

இன்ஸ்பெக்டர் வெளியேற்றுக் குழாயில் இரண்டு பாட்டில் பிடித்தார். ஒன்றை விதிப்படி கெமிஸ்ட் அம்மாவிடம் கொடுத்தார். மற்றதை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர் ஈரக் கையை உதறுவதற்குள் பாட்டில் மாறிவிட்டது. திரும்பி வந்தவர் அதன்மேல் சீல் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

ஒரு வாரம் மேனேஜர் விசிலடித்துக்கொண்டே நடமாடினார்.

எட்டாம் நாள் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை நீட்டினார். "குரோமியம் நாலு மடங்கு அதிகம் சார்."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. கெமிஸ்ட் பார்த்திருக்கிறாள். பாட்டிலைத் திரும்ப மாற்றி, கழுத்தை அறுத்துவிட்டாள்.

"இது உங்க வேலைதானேம்மா?"

"என் வேலை இதுதான் சார்" என்று கெமிஸ்ட் அம்மா இன்னொரு ரிப்போர்ட்டை வைத்தாள். "எங்கிட்ட கொடுத்த பாட்டிலை வெளி லேபுக்கு அனுப்பினேன். குரோமியம் இருக்கிறதாவே தெரியலை. குருணை எடுத்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே குழாய், ஒரே நிமிஷம். ஒரு பாட்டில்ல விஷம், ஒண்ணுல இல்ல. கேஸ் எழுதறதுக்கு முன்னாடி கேக்கறேன், சார். நான் கொண்டுபோன தண்ணி எந்த ஊர்த் தண்ணி?"

மேனேஜர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"பசங்க தண்ணி குடிச்சாங்களா? இனிமே குடிக்க வேண்டாம். சமையலுக்கும் வேண்டாம். ஏன்னு கேக்காதே."

கடைத் தண்ணீரை நம்ப முடியாது என்று, அந்தப் பாட்டிலை அவர் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக் கிணற்றில், தன் கையாலேயே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்.