வெட்டி வெள்ளி

"தெருவே பனியில புதைஞ்சு கிடக்கு. அரசாங்கச் சம்பளம் வாங்குறவன் ஜன்னலோரமா உட்கார்ந்து காபி குடிக்கிறான்!"

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வின்ஸ்லோவின் குரல்தான். லார்ன் கதவைத் திறந்தான். பனி தள்ளும் அரசு வண்டிக்கு அவன்தான் டிரைவர்.

"இன்னிக்கு வெட்டி வெள்ளி, டாக்டர். வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. வண்டியைத் தொட்டா சீட்டு கிழிஞ்சிடும்."

வெட்டி வெள்ளி என்பது ஊழியர்கள் வைத்த பெயர். கஜானா காலி என்று சொல்லி, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைச் சம்பளத்தை வெட்டிவிட்டது மாகாண அரசு. "எங்க வயித்துல அடிக்காதீங்க, நிறைய சம்பாதிக்கிறவங்களுக்கு வரியைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று இவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ஊர்க் கூட்டத்தில் மேஜையைத் தட்டி அதை எதிர்த்தவர் இதே டாக்டர்தான். கைதட்டலும் பிரமாதமாகக் கிடைத்தது.

இன்றைக்கு அந்த மிடுக்கைக் காணோம்.

"லார்ன், வின்னிபெக் ஆஸ்பத்திரியில என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுய்யா. தலைப்பிரசவம். நான் பக்கத்துல இல்லைன்னா பயந்துடுவா."

லார்ன் காபியை அப்படியே வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான். "டார்லா, பனி அள்ளுற ஷவலை எடு! தெருவுல எல்லாரையும் கூப்பிடு!"

பெருஞ்சாலையில் மட்டும் அவசரத்துக்காக ஓடும் அரசு வண்டி ஒன்று பனியைத் தள்ளியிருந்தது. தெருமுனை வரைக்கும் அள்ளிவிட்டால் போதும், டாக்டரின் கார் போய்விடும். ஷவலும் கையுமாக வீட்டுக்கு வீடு ஆள் வந்தது. அவர்களில் பாதிப் பேர் சம்பளம் வெட்டுப்பட்டவர்கள்.

டாக்டரே பங்கு பிரித்தார். "தலைக்குப் பத்தடி. ஏற்றத்தாழ்வே வேண்டாம்!"

இரண்டடி அள்ளியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. ஷவலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது சரிப்படாதுப்பா. தெம்பு இருக்கிறவங்க கூடுதலா அள்ளுங்க, இல்லாதவங்க குறைச்சு அள்ளட்டும். அதுதானே நியாயம்?"

தெருவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. டார்லா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லார்ன் மட்டும் டாக்டரைத் தோளைப் பிடித்துக் காரில் உட்கார வைத்தான். அவர் பங்கில் மீதியிருந்த எட்டடியையும் தானே மளமளவென்று அள்ளித் தள்ளினான்.

"கிளம்புங்க, தாத்தா! குழந்தையைப் பார்த்ததும் போன் பண்ணுங்க."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்கு நான் என்னய்யா செய்யப் போறேன்?"

"ஒண்ணும் வேண்டாம் டாக்டர்," என்று லார்ன் சிரித்தான். "பனிக்கு ஒரு நியாயம், பணத்துக்கு ஒரு நியாயமான்னு வழியில கொஞ்சம் யோசிச்சுக்கிட்டே போங்க!"