பாதி வழியில் திரும்பிய வள்ளம்

கிரேசியின் பெயரை இந்த மாதத்தோடு அடித்துவிடுவது என்று ஷைஜா டீச்சர் முடிவு செய்திருந்தாள்.

மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

தேங்காப்பட்டணம் பக்கத்துக் கால்வாயில், நடக்க முடியாதவர்களுக்காக மாதத்தில் ஒரு சனிக்கிழமை வள்ளம் விடுகிறார்கள். பள்ளிக்கூட வேலைக்கு நடுவில் அதை நடத்துவது ஷைஜா. கரையிலிருந்து வள்ளத்துக்குச் சாய்வாகப் பலகை போட்டிருக்கும். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிவிடலாம்.

நான்கு நாற்காலிக்குத்தான் இடம். ஒருவர் பெயர் சேர்ந்தால் ஒரு வருடம் வரலாம் என்பது ஏற்பாடு. இன்னும் இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். கருங்கல் ஊரிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் போன் செய்து, தன் பேர் வந்துவிட்டதா என்று கேட்பார். பதினோரு வருடமாக ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்.

கிரேசியோ ஐந்து மாதமாக வருகிறாள். ஒரு நாளும் தண்ணீரைப் பார்த்ததில்லை.

வள்ளம் நகர்ந்ததும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். மற்றவர்கள் எட்டித் தண்ணீரை அளைவார்கள், கொக்கைக் காட்டிச் சிரிப்பார்கள். அவளுக்கு மேலுதடு வியர்த்திருக்கும். சுக்குக்காப்பி கொடுத்தால்கூடக் கை நீட்ட மாட்டாள்.

ஆனால் வள்ளத்தைத் திருப்புகிற நேரத்தில் மட்டும் கெஞ்சுவாள்.

“டீச்சரே, இன்னும் கொஞ்சம் தூரம் போவலாமா?”

அதற்குக் காரணம் தனக்குத் தெரியும் என்று ஷைஜா நினைத்தாள். காரணத்தின் பெயர் ராஜையன். கிரேசியின் கணவன். ஆட்டோ ஓட்டுகிறவன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, மாடியில் நல்லமிளகு காயப்போடப் போன கிரேசி படி வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிள்ளைகள் கிடையாது. வீட்டில் அவளும் அவனும்தான்.

மற்ற மூன்று பேரோடும் வீட்டு ஆள் யாராவது கூடவே ஏறி உட்காருவார்கள். ராஜையன் ஏறியதே இல்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவான், பிரேக்கைப் போடுவான், திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விடுவான். ஒரு தடவை ஷைஜா, நீங்களும் வாங்களேன் என்று கூப்பிட்டதற்கு, நீங்க பாத்துக்கிடுங்க டீச்சர் என்றதோடு சரி. கண் இரண்டும் சிவந்திருந்தது. காலையிலேயே குடித்திருக்கிறான் என்று ஷைஜா நினைத்துக்கொண்டாள்.

வள்ளம் ஓட்டுகிற ததேயுஸிடம் அவள் சொன்னாள். அந்த ஆளுக்கு இது பெண்டாட்டியைக் கொண்டுவந்து தள்ளிவிட ஒரு இடம். அந்த அம்மாவுக்கோ வீட்டுக்குத் திரும்பிப் போகவே பிடிக்கவில்லை. காத்திருக்கிற ஒருத்தராவது சந்தோஷமாக வரட்டும்.

அன்றைக்கு வள்ளம் பாதி வழியில் நின்றது. பாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. ததேயுஸ் கழியால் விலக்கிப் பார்த்தார், முடியவில்லை. திருப்பிவிட்டார்.

“இத்தற சீக்கிரமா?” என்றாள் கிரேசி. கண்ணைத் திறந்து கரையைப் பார்த்தவளின் முகம் விழுந்துவிட்டது.

அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஷைஜாவுக்கு ராஜையன் மேல் கோபம் ஏறியது.

வழக்கமாக வள்ளம் திரும்பும்போது ராஜையன் கரையில் வந்து நிற்பான். இன்றைக்கு ஆளைக் காணோம். ஷைஜாவே கிரேசியை இறக்கித் தள்ளிக்கொண்டு போனாள். தூரத்தில், புன்னைமரத்து நிழலில் ஆட்டோ நின்றது. பின் சீட்டில் முழங்காலை மடக்கிக் கோணலாகக் கிடந்தான் ராஜையன். ஒரு செருப்பு மண்ணில் கிடந்தது.

நினைத்தது சரிதான். இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று, அவன் தோளைத் தட்ட ஷைஜா குனிந்தாள்.

கிரேசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுப்பாண்டாம் டீச்சரே.”

“குடிச்சிட்டுக் கிடக்கிற ஆளுக்கு நீங்க ஏன் பரிஞ்சு பேசுதீங்க?”

“இவிய குடிக்க மாட்டாவ.” கிரேசி குரலைத் தாழ்த்தினாள். “ராத்திரி ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா எழும்பி என்னைத் திருப்பிக் கெடத்தணும். இல்லேண்ணா முதுகு புண்ணாவும். பகல்ல ஆட்டோ. சவாரிக்க எடையிலயும் ஓடி வந்து பாப்பாவ. நான் பக்கத்தில இருந்தா கண்ணை மூடவே மாட்டாவ டீச்சர். நான் கரையை விட்டுப் போனாத்தான் உறக்கம்.”

ஆட்டோக் கம்பியைப் பிடித்திருந்த கையை ஷைஜா எடுத்தாள்.

“அப்போ வள்ளம்?”

“எனக்கு தண்ணியைக் கண்டா சின்னதிலேயே பேடி, அவ்வளவு பயம். கண்ணை மூடி செபம் சொல்லிட்டு இருப்பேன்.”

ஆட்டோவுக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் மெதுவாகக் கிளம்பியது. கிரேசி நாற்காலிச் சக்கரத்தைத் தானே உருட்டி இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.

“முன்னெல்லாம் இந்தச் சத்தத்துக்கு நான் சண்டை போடுவேன். கேட்டு நாலு வருசமாச்சு டீச்சரே. இவிய முழிக்கது வரைக்கும் இங்ஙன இருந்து கேட்டுக்கிடட்டா?”