மாவு ஆலை வீரர்

துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பொருளாளர் நோரா கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். காரியம் பாதி பழுத்துவிட்டது என்று லோர்கனுக்குத் தெம்பு வந்தது. அழவைக்கும் கட்டத்துக்கு அவர் இன்னும் வரவே இல்லை.

டப்ளினில் பிரிட்டிஷ்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய ஈஸ்டர் எழுச்சிக்கு அந்த வருஷம் பொன்விழா. தெருவுக்கு ஒரு விழாக்குழு என்றால் லோர்கனின் தெருவில் மட்டும் இரண்டு. ஊர்வலம் மாதா கோயிலிலிருந்து கிளம்புவதா, மாவு ஆலையிலிருந்து கிளம்புவதா என்று அடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கே குழு உடைந்துவிட்டது. எதிரணித் தலைவன் பேரைக் கேட்டாலே லோர்கனுக்கு டீ கசக்கும்.

இரண்டில் எது நிஜ ஊர்வலம் என்பதைத் தீர்மானிக்கப்போவது சங்கத்தின் பேண்டு வாத்தியம்தான். வாத்தியம் இல்லாமல் நடந்தால் சவ ஊர்வலம் என்று நினைத்துத் தெருவே தொப்பியைக் கழற்றிவிடும். அந்த அவமானத்துக்குப் பயந்துதான், யாரிடமும் சொல்லாமல், ஞாயிறு பூசை முடிந்த கையோடு சங்கக் கட்டடத்துக்கு வந்திருந்தார். கையிலிருந்த ஒரே அஸ்திரம், அந்த எழுச்சியில் சண்டை போட்ட அப்பா.

"அப்பா தோள்ல குண்டு பாஞ்சு ஆலைக்குள்ள மாட்டிக்கிட்டார். வெளிய சிப்பாய்ங்க கதவ உடைக்கிறானுங்க. அவரு என்ன பண்ணாரு தெரியுமா..."

தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பாதி நிஜம், பாதி பழக்கம்.

"மாவுக் குவியலுக்குள்ள புகுந்து படுத்துட்டாரு" என்று சங்கத் தலைவர் மல்ஹால் மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

லோர்கனுக்குக் கண் நிறைந்தது. துறைமுகத்து ஆட்களுக்குக்கூட அப்பா கதை மனப்பாடம் என்றால் எப்பேர்ப்பட்ட மனுஷர் அவர்! சிப்பாய்கள் பேய் என்று பயந்து ஓடியதையும், வெள்ளை வெளேரென்று வீடு திரும்பியவரை அம்மா சிலுவை போட்டு வாசலிலேயே விரட்டியதையும் சொன்னார். பின்வரிசைக்காரர்கள் சிரிக்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே சிரித்தார்கள். புகழ்ச்சிக்கு ஏங்குகிறவன் அதையெல்லாம் கவனிப்பானா?

"அவர் படுத்திருந்த எடத்துலருந்து ஊர்வலம் கெளம்பணும், தலைவரே. முன்னால உங்க பேண்டு போகணும். வேற ஒண்ணும் வேணாம்."

மல்ஹால் எழுந்து வந்து கை குலுக்கினார். தொழிலாளி ரத்தமும் சிந்திய எழுச்சி அது, சங்கம் ஆதரிக்காமல் வேறு யார் ஆதரிப்பது என்றார். உங்கள் அப்பா நினைவாக பேண்டு அனுப்பச் சொல்லி ஏகமனதாகத் தீர்மானமே போட்டாயிற்று என்றும் சொன்னார். ஒருவரும் கைகூடத் தூக்கவில்லையே, இவ்வளவு சுருக்கிலா என்று லோர்கன் மலைத்துப்போனார். எதிரணிக்காரன் மூஞ்சி போகப்போகும் போக்கை நினைக்கவே இனித்தது.

"அப்ப ஆலை வாசலுக்கு பேண்டு எப்ப வரும், தலைவரே?"

மல்ஹால் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"மாதா கோயில் வாசலுக்குங்க. போன வாரமே உங்க தம்பி வந்து, இதே அப்பாவச் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாரே."