வாளிக்கு ஒரு தொப்பி

தெற்கு நார்வேயின் இந்த ஏரி கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறது. அமில மழையில் மீன் உட்பட எல்லா உயிரும் செத்ததால் வந்த தெளிவு. மூன்று நாளாகச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டி நீரின் புளிப்பை முறித்த ஊஸ்முண்ட், மாவுமில்காரர்போல வெளுத்துப்போய்ப் படகில் நிற்கிறார். காலடியில் ஒரு வாளி நிறைய டிரவுட் மீன்குஞ்சுகள், ஏரியில் விடுவதற்கு. காற்று திரும்பிக் கடல் பக்கமிருந்து வீசுகிறது; கூடவே மழை. "வந்துட்டான்யா இங்கிலாந்துக்காரன்! கரி எரிக்கிறது அவன், புளிப்பு மழை நமக்கு." துடுப்புப் போடும் மனைவி குன்வோர் சிரிக்கிறாள்: "அவனுக்குக் கடுதாசி போட்டீங்களே, பதில் வரலியா?" "இதோ, கொட்டுதே!" சட்டென்று தொப்பியைக் கழற்றி வாளியை மூடுகிறார். வழுக்கையில் மழை வழிகிறது. "ஏரி பூரா நனையுது, வாளிக்கு மட்டும் குடையாக்கும்?" அவர் தொப்பியை இன்னும் அழுத்திப் பிடிக்கிறார். உள்ளிருந்து குஞ்சுகள் அதை முட்டிக்கொண்டே இருக்கின்றன.