முதல் தடவை வராது

ஒரு மாதமாக மேனேஜரின் அறைச் சுவருக்குக் காது முளைத்திருந்தது. யாருக்கு மாற்றல், யாருக்கு மெமோ என்பதெல்லாம் அவர் கையெழுத்துப் போடும் முன்பே ஹாலில் இருக்கும் ஹெட்கிளார்க்குக்குத் தெரிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் யாரையும் நம்பாத மனிதர் மேனேஜர். பத்திரமாக இருக்கும் என்று போன மாதம் லினக்ஸ் கம்ப்யூட்டர் வாங்கி, அலுவலக நெட்வொர்க்கில் தன் பிரிண்டரையும் ஆளைக் கூப்பிடாமல் தானே இணைத்திருந்தார்.

இன்று கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு கடிதம் அடித்தார். திரையில் இரண்டு பிரிண்டர்களின் பெயர்கள் வந்தன. முதல் பெயரை அழுத்தினார். மேசைமேல் இருந்த பிரிண்டர் வழக்கம்போல அசையவில்லை.

"சனியன், முதல் தடவை ஒருநாளும் வராது" என்று முணுமுணுத்தபடி இரண்டாவதை அழுத்தியதும் காகிதம் வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தாழைத் திறந்து ஹெட்கிளார்க்கைக் கூப்பிட்டார்.

"எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா?"

"தெரியும் சார். என்னை வேலையை விட்டு எடுக்கறீங்க."

"மாட்டிக்கிட்டீங்க. உளவு சொன்னது யாரு?"

ஹெட்கிளார்க் அதே கடிதத்தின் இன்னொரு பிரதியை நீட்டினார். அதன் சூடு இன்னும் ஆறவில்லை.

"நீங்கதான் சார். ஒரு மாசமா எல்லாத்தையும் முதல்ல எங்க ஹால் பிரிண்டருக்குத்தானே அனுப்பறீங்க. எங்களையும் மதிச்சு ஒரு காப்பி தர்றீங்கன்னு பெருமையாப் பேசிக்கிட்டிருந்தோம்."