மூன்றாம் வரிசை, குழாயடி

வண்டி நின்றதும் அவன் இறங்கி, கூண்டில் தொங்கிய அட்டையை இன்னொரு முறை படித்தான்.

பிடிக்கப்பட்ட இடம்: கால்வாய்க்கரை, மூன்றாம் வரிசை, குழாயடி.

குழாய் இருந்தது.

வரிசை இல்லை.

நான்கு நாட்களுக்கு முன் இங்கே ஓடும் தகரமுமாக அறுபது எழுபது வீடுகள் இருந்தன. இப்போது கல்லும் மண்ணும் ஒரே மட்டமாகக் கிடந்தன. தூரத்தில் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று கையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றது.

அவன் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

பதினோரு வருடமாக மாநகராட்சி நாய் வண்டியில் வேலை. வலைபோட்டுப் பிடிப்பது, கருத்தடைக்குக் கொண்டுபோவது, தையல் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவது. வேறு தெருவில் விட்டால் அங்குள்ள நாய்கள் குதறிவிடும். ஆகவே அட்டையில் எழுதியதுதான் இடம். குரைப்பும் வசவும் அவன் காதில் விழாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

“குழாதான் கீதேண்ணே. எறக்கி வுட்டுட்டு வா,” என்றான் டிரைவர் கிளமெண்ட்.

சரிதான். விதிப்படி குழாயடி போதும்.

கூண்டைத் திறந்தான்.

செவலை நாய். இடது காதில் கருத்தடை அடையாளமாகப் புது வெட்டு. இறங்கி மண்ணை மோந்தது. நாலடி போனது, திரும்பி வந்தது. பிறகு ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே படுத்துக்கொண்டது.

அங்கே ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும்.

அட்டையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான்.

“சொர்ணா.”

குழாய்க்குப் பின்னால், கவிழ்த்த குடத்தின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாய் எழுந்தது. ஓட முடியவில்லை. தையல் இழுக்க, மெல்ல நடந்துபோய் அவள் மடியில் முகத்தை வைத்தது.

அவளை அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

“அன்னிக்கு ஒன் மேல மண்ண வாரித் தூத்துனேன்,” என்றாள்.

“தெனம் யாராச்சும் தூத்துவாங்கமா.”

“எங்க மேலயே வுழுந்துடுச்சு, பாரு.”

வெயில் அடிக்கிறது என்பதுபோல் சொன்னாள்.

ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்களாம். நேற்று லாரி வந்தது. ஆளும் சாமானும் மட்டும்தான், நாய் பூனைக்கு இடமில்லை. புருஷனையும் பாத்திரங்களையும் ஏற்றி அனுப்பிவிட்டு இவள் மட்டும் நின்றுவிட்டாள்.

“எதுக்குமா இருந்த?”

“நாலு நாள்ல இங்கயே கொண்டாந்து வுடுவோம்னு சொன்னியே.”

சொல்லியிருந்தான். எல்லாத் தெருவிலும் சொல்வதுதான். கூட்டம் விலகி வண்டி நகர வேண்டும் என்பதற்காகச் சொல்வது.

அதை நம்பி யாராவது காத்திருப்பார்கள் என்று அவன் நினைத்ததே இல்லை.

“எப்டிப் போவ?”

“பஸ்ல நாய ஏத்த மாட்டான். நடந்துக்குறோம்.”

முப்பது கிலோமீட்டர்.

பேனா கையிலேயே இருந்தது.

“வூட்டுச் சீட்டு குடு,” என்றான்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். ஈ பிளாக், நான்காம் மாடி.

அட்டையில் இருந்த இடத்தை ஒரே கோடாக அடித்தான். அதன் மேலே புதிதாக எழுதினான். எழுதுவது பொய் என்று தெரிந்தது. சாமி கோபித்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை.

கிளமெண்ட் அட்டையை வாங்கிப் பார்த்தான்.

“நாலாவது மாடிலயா புடிச்சோம்?”

“ஆமா.”

“எப்டிண்ணே?”

“படியேறிப் போய்தான்.”

கிளமெண்ட் அந்தப் பெண்ணைப் பார்த்தான். டீசல் முள்ளைப் பார்த்தான். சாவியைத் திருகினான்.

முன்னால் ஏறச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. நாயின் வயிற்றுத் தையலில் கைபடாமல் தூக்கிக் கூண்டில் விட்டாள். பின்னாலேயே தானும் ஏறி, முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவன் குடத்தை எடுத்து உள்ளே வைத்தான். கதவைச் சாத்தினான்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கை தானாக அங்கே போனது.

நின்றது.

பிறகு கதவைத் திறந்து, அவனும் குனிந்து உள்ளே ஏறினான். கதவுக் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

“போலாம், கிளமெண்ட்டு.”

வண்டி நகர்ந்தது.

பதினோரு வருடத்தில் அன்றுதான் அவன் கூண்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்தான்.